புது பாகம் மாட்டியாச்சு, ஸ்டீயரிங் மட்டும் சரியாகவில்லை: பழைய கார்களில் பவர் ஸ்டீயரிங் கோளாறு கண்டுபிடிப்பது எப்படி

புது பம்ப் மாட்டி, ஆயில் ஊற்றி, ஆசையாக ஸ்டார்ட் செய்தால் கன்றைப் பிரிந்த மாடு மாதிரி ஒரு முனகல் வருகிறது. உடனே நமக்குத் தோன்றுவது, பம்ப் டூப்ளிகேட், திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று. கொஞ்சம் பொறுங்கள். பாகம் மாற்றிய பிறகு முளைக்கிற கோளாறுகளில் நான் பார்த்த முக்கால்வாசி, மாட்டிய விதத்தில்தான் இருந்தன: உள்ளே சிக்கிய காற்று, பழைய ஹோஸில் கிடந்த அழுக்கு, தப்பான ஆயில், நடுவில் நிறுத்தாமல் கோத்த ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளுக்குக் கடத்துகிற பல்சக்கரப் பெட்டி). ஆகவே எதையும் மறுபடி கழற்றுவதற்கு முன்னால் கீழே உங்கள் காரின் அறிகுறியைத் தேடிப் பிடித்துச் சோதித்துப் பாருங்கள்.

உங்களுடையது எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும். பாக்ஸுக்குள்ளேயே பிஸ்டனும் வால்வும் சேர்ந்து இருப்பது ஒரு வகை. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் சாகினா பாக்ஸ், மெர்சிடிஸ் டபிள்யூ123 எல்லாம் இதில் வரும். இரண்டாவது, சாதாரண பாக்ஸை அப்படியே விட்டுவிட்டு ஸ்டீயரிங் கம்பிகளோடு தனியாக ஒரு கண்ட்ரோல் வால்வும் தனியாக ஒரு சிலிண்டரும் தொங்குகிற வகை. 1963 முதல் 1982 வரை வந்த கார்வெட்டிலும், 1960களின் மஸ்டாங்கிலும் இதுதான். மூன்றாவது ரேக், பாக்ஸுக்குப் பதிலாகப் பல் வெட்டிய நீளக் கம்பி இடம் வலமாக நகர்ந்து சக்கரங்களைத் திருப்புகிற வகை. சிட்ரோயன் டிஎஸ் மாதிரியானவை தனி ஜாதி. அதில் சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டீயரிங் எல்லாமே ஒரே ஹைட்ராலிக் அழுத்தத்தில் ஓடுகின்றன, கீழே சொல்வதில் பாதி அதற்குப் பொருந்தாது.

இரண்டு எச்சரிக்கைகள். முன்பக்கத்தைத் தூக்கினால் ஸ்டாண்ட் வைத்துத்தான் வேலை, ஜாக்கை நம்பிக் கீழே போகக் கூடாது. இன்ஜின் ஓடும்போது ஹோஸில் ஒழுகல் எங்கே என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளை வழியாக அந்த அழுத்தத்தில் வருகிற ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், போனால் ஆபரேஷன் வரை இழுத்துவிடும். ஒரு அட்டைத் துண்டைக் காட்டினால் போதும், ஈரம் படும் இடம் தெரிந்துவிடும்.

முனகல், உறுமல், டப்பாவில் நுரை

ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்து, குமிழியாக இருக்கிறதா? காற்றுதான். பம்பைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை.

காற்றை எடுக்கும்போது பெரும்பாலோர் செய்கிற தவறு, ஆயிலை ஊற்றியதும் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வேகமாகச் சுழற்றுவது. பம்ப் அந்தக் காற்றைப் பொடிப்பொடிக் குமிழிகளாக அடித்து ஆயிலில் கலந்துவிடும், அப்புறம் அது வெளியேற மணிக்கணக்காகும். சரியான வழி சோம்பேறித்தனமான வழி. முன்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்துங்கள். இன்ஜின் ஓடக் கூடாது, சாவி மட்டும் ஸ்டீயரிங் பூட்டு விடுபடும் நிலையில் இருக்கட்டும். டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொண்டே ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாக ஒரு 20 தடவை திருப்புங்கள். மேலே குமிழி வருவது நிற்கும் வரை இதுதான் வேலை. அதன் பிறகு ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுப் போய் வேறு வேலை பாருங்கள். திரும்பி வந்து இன்ஜினை இரண்டு வினாடி மட்டும் ஓட்டி நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள், குறைந்திருக்கும், ஊற்றுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்த பிறகுதான் ஐட்லிங்கில் விட்டு மெல்லத் திருப்ப வேண்டும். கோடியில் போய் முட்டி 5 வினாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது, அந்த நேரத்தில் பம்ப் தன் முழு அழுத்தத்தில் ஆயிலைத் தனக்குள்ளேயே சுற்றவிட்டுச் சூடாக்கிக்கொண்டிருக்கும். புது பம்பை ஆயில் இல்லாமல் அரை நிமிடம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு செய்தும் மறுநாள் நுரை திரும்பி வந்தால், காற்று தொடர்ந்து எங்கிருந்தோ உள்ளே போகிறது. இங்கேதான் நான் ஏமாந்தேன். ஒரு காரில் அடுத்தடுத்து இரண்டு பம்ப் மாற்றினேன், இரண்டும் ஒரே மாதிரி முனகின. தரையில் ஒரு சொட்டு ஆயில் கிடையாது, அதனால் ஹோஸ் பக்கம் என் கவனமே போகவில்லை. கடைசியில் பார்த்தால், டப்பாவிலிருந்து பம்புக்கு வருகிற ஒரு சாண் ரப்பர் ஹோஸ் கட்டையாக இறுகிப்போய், கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் குழாயோடு ஒட்டாமல் நின்றது. அந்த இடத்தில் பம்ப் உறிஞ்சுகிறது, வெளியே தள்ளுவதில்லை. ஓட்டை இருந்தால் ஆயில் ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். சந்தேகம் இருந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டு அந்த இணைப்பைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸைப் பூசி, மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். சத்தம் மாறினால் ஆள் அகப்பட்டான். பம்ப் உடம்போடு டப்பா சேர்ந்தே இருக்கிற மாடல்களில் இந்த ஹோஸ் இருக்காது, அங்கே டப்பாவுக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கிற ஓ-ரிங்கைப் பாருங்கள். டப்பாவுக்குள் ஃபில்டர் இருக்கிற கார்களில், மெர்சிடிஸ்கள் பலவற்றில் இருக்கிறது, அதை மாற்றினீர்களா என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ஸ்டீயரிங்கைக் கோடி வரை திருப்பும்போது மட்டும் வருகிற 'ஸ்ஸ்ஸ்' சத்தம் கோளாறே இல்லை. விட்டுவிடுங்கள்.

காற்றும் இல்லை, ஹோஸும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் உறுமுகிறது என்றால் ஒரு கேள்வி: புல்லியை எப்படி ஏற்றினீர்கள்? அழுத்தி ஏற்றுகிற வகைப் புல்லியைச் சுத்தியலால் தட்டி ஏற்றியிருந்தால், ஒவ்வொரு அடியும் ஷாஃப்ட் வழியாக உள்ளே இருக்கிற ரோட்டருக்கும் தட்டுக்கும் போயிருக்கும். அதற்கென்று ஷாஃப்டின் நடுவில் மரை வெட்டியிருக்கிறார்கள், போல்ட் போட்டு இழுத்து ஏற்றும் கருவி அதில்தான் பிடிக்கும். சுத்தியல் போட்ட பம்பை மட்டும் நான் காப்பாற்றச் சொல்லித்தரமாட்டேன்.

ஸ்டார்ட் செய்ததும் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது

இந்த அறிகுறி இருந்தால் காரை ஓட்டிப் பார்க்காதீர்கள், தெருமுனை வரைக்கும்கூட வேண்டாம். சக்கரங்களைத் தூக்கி நிறுத்தியே சோதியுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டீயரிங் ஆரக் கம்பிகளுக்கு நடுவே கையை விடவும் வேண்டாம்.

தனி சிலிண்டர் வகையில், ஸ்டார்ட் செய்த கணமே ஒரு கோடிக்குப் பாய்ந்து போய் நின்றால் சிலிண்டருக்குப் போகிற இரண்டு ஹோஸ்களும் இடம் மாறியிருக்கின்றன. நீங்கள் இடது பக்கம் தொட்டால் அது வலது பக்கம் தள்ளும், தள்ளத் தள்ள வால்வு இன்னும் திறக்கும், அதனால்தான் அந்தப் பாய்ச்சல். கழற்றும்போது ஹோஸ்களில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்து வைத்திருந்தால் இது வராது.

பாயவில்லை, மெல்ல ஊர்ந்து ஒரு பக்கம் போகிறது என்றால் கண்ட்ரோல் வால்வு நடுவில் இல்லை. சிலிண்டரின் தண்டைச் சட்டத்திலிருந்து கழற்றிவிடுங்கள். இன்ஜினை ஓடவிட்டால் தண்டு தானாக வெளியே நீளும், அல்லது உள்ளே இழுத்துக்கொள்ளும். வால்வின் நுனியில் இருக்கிற தூசி மூடியை எடுத்தால் ஒரு அட்ஜஸ்டிங் நட்டு தெரியும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தண்டு வெளியே நகர ஆரம்பிக்கும் இடத்தையும் உள்ளே நகர ஆரம்பிக்கும் இடத்தையும் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். தண்டு எங்கே விட்டாலும் அங்கேயே நின்றால் மறுபடி மாட்டலாம். புது வால்வு ஏற்கனவே செட் செய்து வந்தது என்று அது வந்த அட்டைப் பெட்டியில் எழுதியிருந்தாலும் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

வால்வு பாக்ஸுக்குள் இருக்கிற வகையில் பாக்ஸைத் திட்டுவதற்கு முன் ஸ்டீயரிங் தண்டைப் பாருங்கள். தண்டு பாக்ஸுக்கு நேர்க்கோட்டில் இல்லாமல் உள்ளே போகிற ஷாஃப்டை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தால், வால்வு எப்போதும் லேசாகத் திறந்தே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் கப்ளிங்கைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட்டுங்கள். இப்போது திரும்பவில்லை என்றால் குற்றம் தண்டின் மேல்தான். அப்போதும் திரும்பினால் பாக்ஸின் வால்வு சரியில்லை. 1960களின் கிறைஸ்லர் பாக்ஸ்களில் வால்வு மேலேயே தனியாக உட்கார்ந்திருக்கும், அதன் இரண்டு போல்ட்டையும் சற்றே தளர்த்தி மெல்லத் தட்டி நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். சாகினா மாதிரி சுழல் வால்வு உள்ளே இருப்பவற்றில் அந்த வசதி இல்லை, வால்வை மாற்ற வேண்டியதுதான்.

கனமாகவே இருக்கிறது

எப்போது கனம், எந்தப் பக்கம் கனம்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு பக்கமும் எப்போதும் கனம் என்றால் ஹைட்ராலிக்கை மறந்துவிட்டு டயர் காற்றிலிருந்து ஆரம்பியுங்கள். சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டுத் திருப்பிப் பாருங்கள். அங்கேயும் இறுகலாக இருந்தால் பால் ஜாயின்ட், ஐட்லர் ஆர்ம், கிரீஸே பார்க்காத கிங் பின், இப்படிச் சக்கரத்தோடு திரும்புகிற மூட்டுகளில் எதுவோ பிடிக்கிறது. கையால் லேசாகத் திரும்பினால், அடுத்தது பெல்ட். அதற்கும் அடுத்துதான் பம்ப். பம்பின் உள்ளே ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன வால்வு ஒன்று இருக்கிறது. பழைய ஹோஸிலிருந்து வந்த ரப்பர்த் தூளோ பழைய பம்ப் உதிர்த்த இரும்புத் துகளோ அதில் ஒரு மணி சிக்கினாலும் அது திறந்தபடி நின்றுவிடும், அழுத்தமே ஏறாது. பிரஷர் லைன் பொருத்துகிற முனைக்குப் பின்னால்தான் பெரும்பாலும் இருக்கும், எடுத்துக் கழுவி, விரலால் தள்ளினால் தடங்கலில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். பழைய பம்ப் உடைந்துபோனதால்தான் புதுசு போட்டீர்கள் என்றால், ஹோஸ்களையும் பாக்ஸையும் கழுவாமல் மாட்டியிருந்தால், இதைத் தவிர வேறெங்கும் முதலில் தேட வேண்டாம்.

அழுத்தமானி இருந்தால் சந்தேகமே வேண்டாம். பம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவில் மானியையும் ஒரு வால்வையும் வைத்து, வால்வை 5 வினாடிக்கு மிகாமல் மூடிப் பார்த்தால் பம்பின் உச்ச அழுத்தம் தெரியும். காரைப் பொறுத்து 1000 பி.எஸ்.ஐ-யை ஒட்டியோ தாண்டியோ வரும், உங்கள் காருக்கான எண் அதன் மேனுவலில் இருக்கும். வால்வை மூடினால் அழுத்தம் சரியாக வருகிறது, திறந்துவிட்டு ஸ்டீயரிங்கைக் கோடியில் பிடித்தால் வரவில்லை என்றால் பாக்ஸுக்குள் கசிகிறது.

ஒரு பக்கம் மட்டும் கனம் என்றால் பம்ப் காரணமே இல்லை. பம்புக்கு இடம் வலம் தெரியாது. பாக்ஸ், ரேக் அல்லது கண்ட்ரோல் வால்வு, இந்த மூன்றில் ஒன்றுதான்.

காலையில் கனம், ஓடிச் சூடானதும் சரியாகிவிடுகிறது என்பது ரேக் கார்களின் நோய், குறிப்பாக 1980களின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பேர்போனது. டெஃப்லான் வளையங்கள் அலுமினியக் கூட்டில் பள்ளம் தேய்த்திருக்கும், வளையத்தை மட்டும் புதுசாகப் போட்டால் அந்தப் பள்ளம் போய்விடாது. தலைகீழாக, சூடானால் கனம் என்றால் பம்ப் தேய்ந்திருக்கிறது, சூட்டில் நீர்த்த ஆயிலை அதனால் பிடித்து நிறுத்த முடியவில்லை.

ரொம்பவே லேசு, தொட்டால் பறக்கிறது

1950கள், 60களின் அமெரிக்கக் கார்கள் ஒரு விரலால் திருப்பும்படிதான் அமைக்கப்பட்டன, அதைச் சரிசெய்ய வேண்டியதில்லை. ஆனால் பழைய காரில் மஸ்டாங் 2 காரின் ரேக்கைப் போட்டு, ஜெனரல் மோட்டார்ஸ் பம்பை அப்படியே இணைத்தீர்கள் என்றால் அது வேறு கதை. அந்த ரேக்குக்குத் தேவையானதைவிட அதிக ஓட்டத்தையும் அழுத்தத்தையும் அந்த பம்ப் தள்ளும். பம்பின் வால்வுக்கு ஷிம் என்கிற மெல்லிய வாஷர் போட்டோ வால்வை மாற்றியோ குறைக்கலாம், ரேக்கை மாற்ற வேண்டாம்.

நேராகப் போகமாட்டேன் என்கிறது, நடுவில் தொளதொளப்பு

புது பாக்ஸ் போட்ட பிறகு இப்படி ஆனால், முக்கியமான கேள்வி ஒன்றே: சக்கரங்கள் நேராக இருக்கும்போது பாக்ஸும் அதன் நடுவில் இருக்கிறதா? பாக்ஸின் பற்கள் நடுப்பகுதியில் மட்டும் நெருக்கமாகப் பிடிக்கும்படி வெட்டப்பட்டவை. நடுவைவிட்டு விலகினால் இடைவெளி கூடும், அது பாக்ஸின் இயல்பு. நேராக ஓடும்போது நீங்கள் அந்த நெருக்கமான இடத்தில் இல்லாவிட்டால் எவ்வளவு புதிய பாக்ஸானாலும் தொளதொளக்கும். கம்பிகளைக் கழற்றிவிட்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணி, சரிபாதி திரும்பி வாருங்கள். அதுதான் நடு. அங்கே வைத்துச் சக்கரங்களை நேராக்கிக் கம்பிகளை மாட்டி, சக்கரத்தோடு இணைகிற டை ராட் கம்பியின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். ஸ்டீயரிங் சக்கரம் கோணலாக நிற்கிறதே என்று அதைக் கழற்றி நேராக மாட்டிக்கொண்டு திருப்திப்படுவது பலர் செய்கிற குறுக்குவழி, அதில் தொளதொளப்பு அப்படியே இருக்கும்.

பாக்ஸின் மேலே லாக் நட்டுடன் ஒரு திருகாணி இருக்கிறதே, அதை இறுக்கினால் போதுமே என்பார்கள். தொளதொளப்பு போகும், கூடவே பாக்ஸும் போகும். பாக்ஸிலிருந்து கம்பிகளைத் தள்ளுகிற பிட்மேன் ஆர்மைக் கழற்றிவிட்டு, பாக்ஸை நடுவில் வைத்து, மேனுவல் சொல்கிற அளவுக்குத்தான் அதைத் தொட வேண்டும். இறுக்கும் முன் உதவிக்கு ஒருவரை உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இங்குமங்கும் ஆட்டச் சொல்லிக் கீழே இருந்து பாருங்கள்: தண்டு அசைகிறது, பாக்ஸுக்குள் போகிற ஷாஃப்ட் அசையவில்லை என்றால் நடுவில் இருக்கிற ரப்பர் கப்ளிங் கிழிந்திருக்கிறது. பாக்ஸே சட்டத்தின் மேல் அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது சட்டத்தில் வெடிப்பு.

சாதாரண ஸ்டீயரிங் காரைப் பவர் ஸ்டீயரிங்குக்கு மாற்றியவர்களுக்கு இன்னொன்று. சாதாரண ஸ்டீயரிங்குக்கு கேஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்புகிற அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) குறைவாகவே வைத்திருப்பார்கள், திருப்பச் சுலபமாக இருக்கட்டும் என்று. பவர் வந்த பிறகும் அதே கோணம் இருந்தால் கார் அலையும், நடுவில் எந்த உணர்வும் இருக்காது. அலைன்மென்ட்டுக்குப் போகும்போது பவர் ஸ்டீயரிங் மாடலுக்கான அளவைக் கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

திருப்பிவிட்டால் தானாக நேராகவில்லை

மேலே சொன்ன திருகாணியை யாரோ இறுக்கியிருக்கிறார்கள், பெரும்பாலும் நாம்தான். இல்லை என்றால் கேஸ்டர், புது பால் ஜாயின்ட்டின் இறுக்கம், வளைந்த ஸ்டீயரிங் தண்டு.

ஒழுகல்

ஆயில் கீழே சொட்டுகிற இடம் ஒழுகுகிற இடம் இல்லை. எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, முகப்பவுடரை ஊதிவிட்டு ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள், ஈரக்கோடு மேலே எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். புதிதாக மாட்டிய லைனில் ஒழுகினால் ஸ்பேனரை எடுத்து இறுக்காதீர்கள். பழைய பாக்ஸ்களில் கூம்பு முனைக் குழாய், 1970களின் இறுதியிலிருந்து வந்த ஜெனரல் மோட்டார்ஸ் பாக்ஸ்களில் மெட்ரிக் மரையும் ஓ-ரிங்கும். பார்க்க ஒன்றுபோல இருக்கும், இரண்டு மூன்று சுற்று ஏறவும் செய்யும், மரை நாசமாகும் வரை தெரியாது. கையால் கடைசிவரை ஏறாத எதையும் ஸ்பேனரால் ஏற்ற வேண்டாம். செம்பு வாஷர் போட்ட இணைப்புகளில் பழைய வாஷரையே திரும்பப் போட்டிருந்தால் அதுதான் காரணம்.

ஷாஃப்ட் சீல் புதிதாகப் போட்டும் ஒழுகினால், சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்டை நகத்தால் தடவிப் பாருங்கள். துருப் பள்ளமோ தேய்ந்த வளையமோ நகத்தில் தட்டினால் எத்தனை சீல் போட்டாலும் நிற்காது. அப்புறம் ஆயில். பல பழைய அமெரிக்கக் கார்கள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலான ஏடிஎஃப் ஊற்றும்படி வந்தவை. சிட்ரோயன் டிஎஸ்ஸில் முதலில் சிவப்பு ஆயில், 1966 இறுதியிலிருந்து எல்ஹெச்எம் என்கிற பச்சை ஆயில். ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றினால் ரப்பர் எல்லாம் போச்சு. அவசரத்துக்கு என்று பிரேக் ஆயிலை ஏடிஎஃப் சிஸ்டத்தில் ஊற்றினாலும் அதே கதி, சீல்கள் ஊதி மெழுகாகிவிடும்.

திருப்பினால் கிறீச்

பெல்ட். நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் போலத் தாழ வேண்டும். புது பெல்ட் முதல் இருபது நிமிட ஓட்டத்திலேயே தளர்ந்துவிடும், மறுபடி இறுக்குங்கள். இறுக்கியும் கத்தினால் ஒரு நேர்ச் சட்டத்தைப் புல்லிகளின் மேல் வைத்துப் பாருங்கள், வேறு மாடலின் பிராக்கெட் போட்டிருந்தால் புல்லி உள்ளே தள்ளியோ வெளியே துருத்தியோ நிற்கும்.

பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங்கில் அடி

பிட்மேன் ஆர்ம் நட்டு முழு டார்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்பேனருக்கு நீளக் குழாய் போட்டு இறுக்க வேண்டிய நட்டு அது. அது சரியாக இருந்தால், சாகினா பாக்ஸில் பிரஷர் லைன் நுழைகிற துளைக்குள் ஒரு சின்னத் தடுப்பு வால்வும் ஸ்பிரிங்கும் இருக்கும். சக்கரத்தில் விழுகிற அடி ஆயில் வழியாகத் திரும்பி வராமல் தடுப்பது அதுதான், பாக்ஸைக் கழுவும்போது கீழே விழுந்து தொலைவதும் அதுதான்.

வேலை முடிந்து நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை கீழே போய் பாக்ஸ் போல்ட், பிட்மேன் நட்டு, பெல்ட், ஆயில் அளவு நான்கையும் பாருங்கள். டை ராட் நட்டில், நட்டு கழலாமல் பூட்டுகிற காட்டர் பின்னுக்கான துளை நேராக வரவில்லை என்று நட்டைப் பின்னோக்கித் தளர்த்தியிருந்தால் அதை இப்போதாவது அடுத்த துளை வரை இறுக்கிவிடுங்கள். பழைய பம்பையும் பாக்ஸையும் அதுவரை எங்கும் கொடுக்காதீர்கள். புதுசில் இல்லாத அந்தத் தடுப்பு வால்வோ, பிராக்கெட்டோ, பழையதின் மேல்தான் இருக்கும்.